ஐசியூவில் இருப்பவரின் பிழைக்கும் வாய்ப்பைச் சதவீதமாகச் சொல்லலாமா?

நிலவன்:
போன வருடம் அப்பா பதினோரு நாள் ஐசியூவில் இருந்தார். முதல் ராத்திரியே மருத்துவர், "நோயின் கடுமையைக் காட்டும் அபாச்சி ஸ்கோர் 27. பிழைக்கும் வாய்ப்பு பாதிக்கும் கொஞ்சம் கீழேதான்" என்றார். அப்பா பிழைத்து வீடு திரும்பிவிட்டார். ஆனால் அந்தப் பதினோரு நாளும் அம்மா சாப்பாட்டைத் தொடவில்லை. அப்பாவைப் பார்க்க உள்ளே போகவே பயந்தார். இந்த எண்ணைக் குடும்பத்திடம் சொல்லவே கூடாது என்பது என் கருத்து.

மருதன் (ஐசியூ மருத்துவர்):
அப்பா தேறியதில் மகிழ்ச்சி. ஆனால் கணக்கு பொய்த்துவிட்டதாக நினைக்காதீர்கள். அதே நிலையில் உள்ள நூறு பேரில் நாற்பது, நாற்பத்தைந்து பேர் பிழைப்பார்கள் என்றுதான் அது சொன்னது. அப்பா அவர்களில் ஒருவர். 1985இல் வந்த அபாச்சி-2, இரத்த அழுத்தம், ஆக்சிஜன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என 12 அளவுகள் ஒவ்வொன்றிலும் முதல் 24 மணி நேரத்தில் பதிவான மிக மோசமான மதிப்பை எடுத்துக்கொள்ளும். வயதையும் பழைய நோய்களையும் சேர்க்கும். இதைச் சொல்லாமல் விட்டால், டயாலிசிஸ் தொடங்கலாமா என்று நாங்கள் கேட்கும்போது குடும்பம் எதை வைத்து முடிவெடுக்கும்? "ஏன் முதலிலேயே சொல்லவில்லை" என்று பத்தாம் நாள் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செவ்வந்தி (செவிலியர்):
டாக்டர், நூறு பேருக்குச் சரியாக இருக்கும் கணக்கு படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு என்ன சொல்லும்? அவர் அந்த நாற்பதில் ஒருவரா, அறுபதில் ஒருவரா என்று அதற்குத் தெரியாது. அதோடு அது பழைய நோயாளிகளை வைத்துச் செய்த சூத்திரம். சிகிச்சை முன்னேற முன்னேற, நடப்பதைவிட அதிக மரணங்களைக் காட்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. "இவர் தேறமாட்டார்" என்று எல்லோரும் நம்பிவிட்டால் சிகிச்சையைக் குறைப்பார்கள், அவர் இறப்பார், கணிப்பு பலித்ததாகக் கணக்கில் ஏறும். மூளையில் இரத்தக்கசிவு உள்ளவர்களிடம் இந்த ஆபத்து அதிகம். இதயம் நின்று மீண்டவர் நினைவு திரும்பாமல் கிடந்தால் குறைந்தது 72 மணி நேரம் காத்திருந்தே முடிவு சொல்ல வேண்டும் என்ற விதியே இதற்காகத்தானே?

மருதன்:
அந்த பயம் நியாயம்தான், மறுக்கவில்லை. அதனால்தான் நான் ஒரு நாள் எண்ணோடு நிற்பதில்லை. உறுப்புகள் எவ்வளவு பழுதாகியிருக்கின்றன என்று காட்டும் சோஃபா ஸ்கோரைத் தினமும் போடுகிறோம்: ஆறு உறுப்பு மண்டலங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. முதல் 48 மணி நேரத்தில் அது ஏறினால், தொடக்கத்தில் எவ்வளவு இருந்தாலும் பாதிப் பேராவது இறந்ததாக 2001இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மூன்று நாள் முழு சிகிச்சை கொடுப்போம், அப்புறம் உட்கார்ந்து பேசுவோம் என்று குடும்பத்திடம் சொல்வேன்.

நிலவன்:
மூன்றாம் நாள் என்றால் அம்மா தாங்கியிருப்பார். சரி, இன்னொன்று கேட்கிறேன். அப்பா பிழைத்தார், ஆனால் இன்றும் நாலு படி ஏற முடியவில்லை, பேரனின் பெயர் மறந்துபோகிறது. இதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

மருதன்:
அபாச்சியும் சோஃபாவும் அதைச் சொல்லாது. மருத்துவமனையிலிருந்து உயிரோடு போவாரா என்பதோடு அவை நின்றுவிடும். நோய்க்கு முன்பு தானே குளித்து, தானே நடந்து கடைக்குப் போய்வந்தாரா என்று குடும்பத்திடம் கேட்பேன். வீடு திரும்பிய பின் எப்படி இருப்பார் என்பதற்கு அந்தப் பதில்தான் எனக்கு அதிகம் உதவுகிறது. நாங்களே முன்வந்து சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. ஆனாலும் முதல் நாளே ஒருவர் நேராகக் கேட்டால் எண்ணை மறைக்கமாட்டேன்.

செவ்வந்தி:
கேட்டவருக்குச் சொல்லுங்கள் டாக்டர். நிலவனின் அம்மா கேட்கவில்லையே.