ஆயா வீட்டுப் பிள்ளைகள் குழு, வெள்ளிக்கிழமை

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு அம்மாவுக்குக் கருமாதி. பேனர் கடைக்காரர் இன்று 5 மணிக்குள் படம் கேட்கிறார். ரவி, படம் எங்கே?

ரவி சித்தப்பா: அண்ணா, கம்ப்யூட்டரில் 'அம்மா' போல்டரையே காணோம்

சாந்தி அத்தை: ???

சாந்தி அத்தை: என்னடா சொல்கிறாய்

ரவி சித்தப்பா: நேற்று ராத்திரி இருந்தது. தூக்கம் வராமல் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் அழிக்கவில்லை அக்கா, சத்தியமாக.

அப்பா: பழைய ஆல்பம் எல்லாம் ஸ்கேன் செய்து வைத்தது அதில்தானே

பெரியப்பா: 1,400 படம். ஸ்கேனுக்கு நான் பணம் கொடுத்தேன்.

சாந்தி அத்தை: பாதி. மீதி நான் கொடுத்தது.

கார்த்தி: சித்தப்பா, பதறாதீர்கள். போல்டர் காணாமல் போவதில் அழிந்துபோவது ஒரு வகை, இடம் மாறிப்போவது இன்னொரு வகை, வீடுகளில் அடிக்கடி நடப்பது இரண்டாவதுதான். முதலில் ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். வெறும் டெலீட் அழுத்தியிருந்தால் அதில் கிடக்கும். ஷிப்டையும் சேர்த்துப் பிடித்து டெலீட் அழுத்தியிருந்தால் பின்னுக்கு வராது, நேரே போய்விடும். அழுத்தினீர்களா?

ரவி சித்தப்பா: ஷிப்ட் எது

நான்: மேலே பார்த்த அம்புக்குறி போட்டிருக்கும் சித்தப்பா, இடது ஓரம்

ரவி சித்தப்பா: அதில் எழுத்தெல்லாம் தேய்ந்து ரொம்ப நாளாகிறது. அழுத்தவில்லை. பின் காலி.

கார்த்தி: ராத்திரியிலிருந்து கம்ப்யூட்டர் ஆனிலேயே இருக்கிறதா? அப்படியென்றால் கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்துங்கள். டைப் அடிக்கும்போது மட்டுமில்லை, போல்டரை நகர்த்தியதையும் அது திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

ரவி சித்தப்பா: ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் படுத்தேன். கரண்ட் பில் யார் கட்டுவது

கார்த்தி: அப்போது அது உதவாது. ஷட்டவுன் செய்தால் அந்த ஞாபகம் போய்விடும்.

சாந்தி அத்தை: இதற்கிடையில் ஒன்று. கத்தரிக்காய் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்தான் வேண்டும். அம்மா வேறு காயைத் தொடமாட்டாள். யார் வாங்குகிறீர்கள்?

அப்பா: எத்தனை கிலோ

பெரியப்பா: படத்தை முதலில் பாருங்கள்!!

கார்த்தி: சித்தப்பா, திஸ் பிசியைத் திறந்து மேலே வலது பக்கம் தேடும் இடத்தில் அம்மா என்று அடியுங்கள். பச்சைக் கோடு ஓடி முடியும்வரை மவுசைத் தொடாமல் காத்திருங்கள். அப்புறம் திரையைப் போனில் படம் எடுத்துப் போடுங்கள்.

ரவி சித்தப்பா: (படம்)

பெரியப்பா: மேலிருந்து மூன்றாவது வரியில் 'அம்மா வீடு பாகப்பிரிவினை வரைவு 2' என்று இருப்பது என்ன ரவி

ரவி சித்தப்பா: அது ஒன்றும் இல்லை அண்ணா

பெரியப்பா: வரைவு 2 என்றால் 1 எங்கே?

சாந்தி அத்தை: அம்மா போய் இன்னும் 16 நாள் ஆகவில்லை

ரவி சித்தப்பா: அது போன வருடம் அடித்தது அக்கா, அம்மாவே சொல்லித்தான்

சாந்தி அத்தை: என்னிடம் மட்டும் சொல்லவில்லையாக்கும்

அப்பா: ஞாயிறு முடியட்டும். தயவுசெய்து.

கார்த்தி: கிடைத்துவிட்டது! நாலாவது வரியைப் பாருங்கள். 'வீட்டு வரி' போல்டருக்கு உள்ளே 'அம்மா' உட்கார்ந்திருக்கிறது. அழிக்கவில்லை சித்தப்பா, இழுத்து உள்ளே போட்டுவிட்டீர்கள். பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து இருந்திருக்கும். மவுஸ் இடது பட்டனை அழுத்தியபடி வெறும் 4 பிக்சல் நகர்ந்தாலே விண்டோஸ் அதை இழுப்பதாக எடுத்துக்கொள்ளும், பிக்சல் என்றால் திரையில் ஒரு சின்னப் புள்ளி, 4 புள்ளி நகர்ந்தது கண்ணுக்கே தெரியாது, அதிலும் உங்கள் மவுஸ் பட்டன் ஒட்டிக்கொள்ளும். அழிப்பதற்காவது 'நிச்சயமாகவா?' என்று கேட்க வைக்கலாம், ரீசைக்கிள் பின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்டீசில் ஒரு டிக் இருக்கிறது, விண்டோஸ் 8 முதல் அந்த டிக் இல்லாமல்தான் வருகிறது. இழுப்பதற்கு அப்படி எந்தக் கேள்வியும் கிடையாது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கன்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் என்ற இடத்தில் டிராக்ஹைட், டிராக்விட்த் என்று இரண்டு இருக்கும், 4 என்பதை 50 ஆக்கிவிட்டு ஒருமுறை சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால் கை நடுங்கினாலும் ஒன்றும் நகராது. ஞாயிறு வரும்போது நானே செய்கிறேன்.

ரவி சித்தப்பா: கை நடுங்கவில்லை

அப்பா: 😀

ரவி சித்தப்பா: வரும்போது ஒரு மவுஸ் வாங்கி வா

பெரியப்பா: கோட்டைக்கு எதிரில் எடுத்த படத்தை அனுப்பு ரவி. நேராகப் பார்க்கிற படம்.

சாந்தி அத்தை: அதில் அம்மாவைப் போலீஸ் பிடித்து நிறுத்தியது மாதிரி இருக்கிறது. வள்ளிமலையில் சிரித்தபடி எடுத்த படம்தான் போட வேண்டும்.

பெரியப்பா: கருமாதி பேனரில் சிரிப்பதா

சாந்தி அத்தை: அம்மா சிரிக்காமல் இருந்து நீ எப்போது பார்த்தாய் அண்ணா? வாராவாரம் வந்து பார்த்தாயா?

பிரியா: வள்ளிமலை படம் என் பென் டிரைவில் மட்டும்தான் இருந்தது. போன வாரம் இடம் வேண்டும் என்று அழித்துவிட்டேன் 😭

சாந்தி அத்தை: பிரியா!!!!

கார்த்தி: பிரியா, எந்தக் கம்ப்யூட்டரில் அழித்தாய்? இது முக்கியம்.

பிரியா: பிளஸ் டூவில் கொடுத்த இலவச லேப்டாப். அதில் விண்டோஸ் இல்லை, பாஸ் லினக்ஸில்தான் அழித்தேன். அதிலும் என்ன கொடுமை என்றால், அத்தனையும் அழித்தும் பென் டிரைவில் இடம் கொஞ்சம்கூடக் கூடவில்லை அண்ணா.

கார்த்தி: கூடியிருக்காது! விண்டோசில் பென் டிரைவிலிருந்து அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்கு வராது, போனது போனதுதான். லினக்ஸ் அப்படிச் செய்யாது, அந்தப் பென் டிரைவுக்குள்ளேயே ஒரு குப்பைத்தொட்டியை மறைத்து வைத்துக்கொள்ளும். பெயர் புள்ளியில் ஆரம்பிக்கும், .டிராஷ்-1000 என்று. 1000 என்பது அந்த லேப்டாப்பில் முதல் ஆளுடைய எண். பென் டிரைவைச் செருகி, திறந்து, கன்ட்ரோலும் ஹெச்சும் அழுத்து, மறைந்திருப்பது தெரியும். புதிதாக எதையும் அதில் ஏற்றிவிடாதே.

சாந்தி அத்தை: என்ன ஆயிற்று

சாந்தி அத்தை: பிரியா

பிரியா: இருக்கிறது!!! பைல்ஸ் என்ற போல்டருக்குள் எல்லாமே இருக்கிறது!

பிரியா: (படம்)

நான்: ஆயா பல் தெரிய சிரிக்கிறார்கள் ❤️

அப்பா: மூக்குத்தி இரண்டு பக்கமும் இருக்கிறதே இதில்

சாந்தி அத்தை: ஒன்று இப்போது எங்கே என்று யாராவது கேட்டீர்களா?

பெரியப்பா: சாந்தி.

ரவி சித்தப்பா: மணி 4:40. கடைக்காரர் போன் அடித்துக்கொண்டே இருக்கிறார்.

பெரியப்பா: கோட்டைப் படம்.

சாந்தி அத்தை: வள்ளிமலை.

ரவி சித்தப்பா: அனுப்பிவிட்டேன்

பெரியப்பா: எதை?

ரவி சித்தப்பா: இரண்டையும்

கார்த்தி: சித்தப்பா, அந்தப் போல்டரை இழுத்து வெளியே எடுக்க வேண்டாம். வலது கிளிக் செய்து காப்பி எடுத்து இன்னொரு இடத்தில் வையுங்கள். ஞாயிறு வரை மூலத்தைத் தொடாதீர்கள்.

ரவி சித்தப்பா: இழுத்துவிட்டேனே

கார்த்தி: எங்கே?

ரவி சித்தப்பா: தேடுகிறேன்

அப்பா: கத்தரிக்காய் எத்தனை கிலோ என்று யாரும் சொல்லவில்லை