ஓடைத் தண்ணி, 300 மீட்டர் தூரம்: முக்கால் இன்ச் பைப் போதுமா?

கந்தப்பளைப்பக்கம்:
லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) மேல ஓடுற ஓடையிலிருந்து 40 பேர்ச் (கால் ஏக்கர்) மரக்கறிக் காணிக்குத் தண்ணி எடுக்கணும். கரட், லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்). தூரம் 300 மீட்டர், இறக்கம் 25 மீட்டர். மோட்டர் இல்லாம நாலு ஸ்பிரிங்ளர் ஓடணும். கடையில முக்கால் இன்ச் போதும்ங்கிறாங்க. நடுவுல தேயிலை மலை, ஒரு மேடும் இருக்கு.

ஆக்ராஓயா:
போதாது. நாளைக்கு 4 மில்லிமீட்டர் தண்ணின்னு வச்சா 40 பேர்ச்சுக்கு 4000 லீட்டர். நிமிஷத்துக்கு 30 லீட்டர் வந்தா ரெண்டேகால் மணித்தியாலத்துல முடியும். ஆனா அந்த 30 லீட்டர் முக்கால் இன்ச்சுல ஓட, 300 மீட்டருக்கு உராய்வே 30 மீட்டர் இறக்கம் தர்ற அழுத்தத்துக்கு மேல தின்னும். உங்க இறக்கமே 25தான். ஒரு இன்ச்சுல 8, 9 மீட்டர்தான் போகும். மிச்சம் 16 மீட்டர், அதாவது ஒன்றரை பார். சின்ன ஸ்பிரிங்ளர் சுத்தும், பெரிய பித்தளைத் தலை சுத்தாது.

முதல்ல பெப்ரவரி, மார்ச்சுல ஓடையை அளங்க. 20 லீட்டர் வாளி 40 செக்கனுக்குள்ள நிரம்பாட்டி இந்தக் கணக்கே வேணாம்.

கந்தப்பளைப்பக்கம்:
காணி ஓரத்துல டாங்கி வச்சு ராத்திரி நிரப்பினா?

ஆக்ராஓயா:
அப்போ முக்கால் இன்ச் போதும். நிமிஷத்துக்கு 10 லீட்டர்னா உராய்வு 5 மீட்டருக்குள்ள, ஏழு மணித்தியாலத்துல 4000 லீட்டர் சேரும். ஆனா டாங்கிக்கு வந்ததும் அழுத்தம் அங்கேயே செத்துரும். டாங்கி காணிக்கு 15 மீட்டர் மேல இல்லாட்டி ஸ்பிரிங்ளரை மறந்துட்டு ஹோஸ்ல ஊத்த வேண்டியதுதான்.

பீலிக்கரை:
மேட்டுலதான் காத்து அடைக்கும். தண்ணி சொட்டுச் சொட்டா வந்தா ஓடையைக் குறை சொல்லாம, மேட்டு உச்சியில பைப்புக்கு ஒரு டீ (மூணு வழி இணைப்பு) போட்டு சின்ன டெப் பூட்டி, காத்தைத் திறந்து விடுங்க. உச்சி, தண்ணி எடுக்கிற இடத்தை விட உயரமா இருக்கவே கூடாது. பள்ளத்துல ஒரு டெப் வச்சா மண்டி கழுவலாம். ஓடையில தண்ணி எடுக்கிற வாய்ல கூழாங்கல் போட்ட துளை பீப்பாய், அதுக்குள்ள வலை. தேயிலைக்குள்ள ஒன்றரை அடி ஆழம் புதைக்கணும். முள்ளு (மண்ணைக் கிளறுற கருவி) குத்துறப்போ பைப் போயிரும். வெயில்ல கிடந்தாலும் பிவிசி நொறுங்கும். தோட்ட நிர்வாகத்துக்கிட்ட முன்னாடியே கேட்டுருங்க.

கான்வெட்டு:
லயத்துக் குடிதண்ணி எடுக்கிற இடத்துக்குக் கீழதான் வாய் வைக்கணும், மேல வச்சா வரட்சியில சண்டைதான். மருந்தடிச்ச காணியின் கானும் (வடிகால்) ஓடையில உங்க வாய்க்கு மேல்பக்கம் விழக்கூடாது. பின்னேரம் ஸ்பிரிங்ளர் வேணாம், இலை ராத்திரி முழுக்க ஈரமா நின்னா பூஞ்சணம் பிடிக்கும். காலையில போடுங்க. ஜனவரி உறைபனி நாள்ல மட்டும் வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே திறந்து இலையைக் கழுவிருங்க.