பழைய தோணிப் பலகையில் நினைவுப் பொருள்: பாலிஷ் நிற்க மாட்டேங்குது

உவரித் தச்சன்:
தூத்துக்குடியில் உடைத்த பழைய தோணியின் பலகைகள் கைக்கு வந்திருக்கு. பெரும்பாலும் தேக்கு, கொஞ்சம் இலுப்பை. ஒரு இஞ்ச் கனம். குங்குமச் சிமிழ், பேனா ஸ்டாண்ட், சாவி மாட்டும் பலகை செய்து திருச்செந்தூர், மணப்பாடு வருகிறவர்களுக்கு விற்கலாம்னு எண்ணம். மெலமைன் பாலிஷ் அடித்த இரண்டே வாரத்தில் வெள்ளை பூத்து உரியுது. ஆணி இருந்த இடமெல்லாம் கறுப்பு. கடைசலில் உளி சட்டென்று மழுங்குது. விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

அம்பை கடைசல்:
வெள்ளையாப் பூக்கிறது உப்பு தம்பி. ஈரக்காற்று பட்டால் உப்பு தண்ணீரை இழுக்கும், காய்ந்தால் படிகமாகி மேல்பூச்சைத் தள்ளிவிடும். எந்த பாலிஷ் அடித்தாலும் இதே கதிதான். முதலில் உப்பை இறக்கணும்.

பலகையை முழுசா ஊறப்போடாதீங்க. செய்யப்போகும் பொருளின் அளவுக்கு அரை இஞ்ச் கூட விட்டுத் துண்டு போடுங்க. வெட்டுமுகம் வழியாத்தான் தண்ணீர் வேகமா உள்ளே போகும். கடற்கரை போர் தண்ணீரே உப்பு, அது உதவாது. தாமிரவருணித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ பிடிங்க. மூன்று நாளைக்கு ஒருதடவை மாற்றி, மாற்றும் முன் டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு காட்டும் கருவி) பாருங்க. ஊறின தண்ணீரும் புதுத்தண்ணீரும் ஏறக்குறைய ஒரே எண் காட்டும்வரை விடக்கூடாது. ஒரு இஞ்ச் தேக்குக்கு ஒரு மாசம் பிடிக்கும்.

பிறகு வெட்டுமுகத்தில் மெழுகு தடவி நிழலில் அடுக்குங்க. வெயிலில் போட்டால் முனை வெடிக்கும். வாரம் ஒருமுறை தராசில் வைங்க; எடை குறையாமல் நின்றபிறகுதான் கடைசல். மெலமைனை விடுங்க, காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் மெல்லிசா மூன்று கை போதும்.

புன்னைக்காயல்:
உளி மழுங்குவதுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி. காந்தம் வைத்துத் தேடி, ஆணியைச் சுற்றிக் குழாய் பிட்டால் (நடுவில் பொள்ளலான துளைப்பான்) துளைத்து மொத்தமா எடுங்க. இன்னொன்று கப்பல் புழு. அது குடையும் பொந்தின் உள்சுவரில் முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு பூசிவைக்கும். உளியைத் தின்பது அதுதான். வினிகர் ஊற்றினால் கரையும். ஆனால் இரும்புத் துரு உள்ள இடத்தில் வினிகர் படக்கூடாது, கறுப்பு இன்னும் கூடும்.

ஆணிக் கறுப்புக்கு ஆக்ஸாலிக் அமிலம்: லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில். தடவி இருபது நிமிஷம் விட்டு மூன்று தண்ணீர் கழுவணும். விஷம், கையுறை கட்டாயம்.

தண்ணீருக்கு அடியில் இருந்த பலகையில் பழைய பெயின்ட் ஒட்டியிருந்தால் உலர வைத்து உப்புத்தாள் போடாதீங்க, எரிக்கவும் வேண்டாம். செம்பு, ஈயம் இருக்கும். ஈரமாகவே சுரண்டுங்க. இந்த மரத்தில் குழந்தைகளுக்குச் செப்புச் சாமானும், குங்குமச் சிமிழும் வேண்டவே வேண்டாம்.

கொற்கை:
கறுப்பை முழுசா எடுக்கணுமா? என் கருத்து வேற. ஆணித்தழும்பும் கலப்பற்று அடித்த (தண்ணீர் புகாமல் பலகை இடுக்கில் பஞ்சு அடைத்த) வரியும்தான் இது கடல் பார்த்த மரம்னு சொல்லும். ஒரு பக்கமாவது விட்டு வைங்க.

உடைத்த தோணி மரம் வேற, மூழ்கின கப்பல் மரம் வேற. பல காலம் அடியில் கிடந்த மரத்தில் செல்சுவர் கரைந்து தண்ணீர்தான் தாங்கிக்கிட்டிருக்கும். காயவைத்தால் சுருங்கி நொறுங்கும். சுவீடனில் 1628-ல் மூழ்கிய வாசா கப்பலை 1961-ல் தூக்கி, 17 வருஷம் பாலிஎத்திலீன் கிளைக்கால் (தண்ணீர் இருந்த இடத்தில் புகுந்து மரத்தைத் தாங்கும் மெழுகு மாதிரிப் பொருள்) தெளித்தார்கள். அது பட்டறை வேலை இல்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவும் கடல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு குச்சியும் எடுக்கக்கூடாது.

1782-ல் மூழ்கிய ராயல் ஜார்ஜ் கப்பலின் மரத்தில் இங்கிலாந்தில் பொடி டப்பா, புத்தக அட்டை எல்லாம் செய்து விற்றார்கள். இன்றும் அதில் கப்பல் பெயர் பொறித்த பொருளுக்குத்தான் மதிப்பு. நீங்களும் பின்பக்கம் தோணியின் பெயர், உடைத்த ஊர், எந்தப் பாகத்துப் பலகைன்னு சூட்டுக்கோலால் எழுதுங்க. ‘கப்பல் விபத்து மரம்’னு மட்டும் போடாதீங்க, அது உண்மை இல்லை.

உவரித் தச்சன்:
சிமிழை விட்டுவிட்டேன். இலுப்பைத் துண்டுக்கும் இதே ஊறல் கணக்குதானா?

அம்பை கடைசல்:
கணக்கு நாளில் இல்லை, மீட்டரில். இலுப்பையைத் தனி வாளியில் போடுங்க. சாயம் இறங்கித் தேக்கில் ஏறிடும்.