சேதமடையாத கண்டெய்னருக்கும் ஜெனரல் ஆவரேஜ் பங்கு தர வேண்டுமா?

கேள்வி (கரூர் ஏற்றுமதியாளர்):
வணக்கம். தூத்துக்குடியிலிருந்து ரோட்டர்டாமுக்கு நாங்கள் அனுப்பிய படுக்கை விரிப்புகள் சென்ற கப்பலில் நடுக்கடலில் தீப்பிடித்தது. எங்கள் கண்டெய்னருக்குச் சேதமில்லை. ஆயினும் கப்பல் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் (கப்பலையும் சரக்குகளையும் பொது ஆபத்திலிருந்து காக்க ஏற்பட்ட இழப்பையும் செலவையும் அனைவரும் பகிர்வது) அறிவித்திருப்பதால், உத்தரவாதமோ முன்பணமோ தராமல் சரக்கை விடுவிக்க முடியாது என்று எங்கள் வாடிக்கையாளரிடம் கூறியிருக்கிறார்கள். சி.ஐ.எஃப். விற்பனை (கப்பல் கட்டணமும் காப்பீடும் விற்பவர் பொறுப்பு) என்பதால் பாலிசியை நாங்களே, சரக்குக் காப்பீட்டின் ‘ஏ’, ‘பி’, ‘சி’ விதித் தொகுப்புகளில் குறைந்தபட்சப் பாதுகாப்புள்ள ‘சி’ விதிகளின்படி எடுத்தோம். சேதமே ஆகாத சரக்குக்கு ஏன் பணம் தர வேண்டும்? கப்பலுக்குத் தனிக் காப்பீடு இருக்குமே?

பதில் 1 (ஓய்வுபெற்ற சர்வேயர்):
ஐயா, உங்கள் மனக்குறை நியாயமானதே. ஆனால் இந்த விதி காப்பீட்டைவிடப் பழையது. புயலில் கப்பலைக் காக்கச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிந்தால், தப்பிய அனைவரும் அந்த இழப்பைப் பகிர வேண்டும் என்பது பண்டைய ரோட்ஸ் தீவினரின் வழக்கம். தீயில் கருகிய சரக்கு அதன் உரிமையாளரின் தனி இழப்பு. தீயை அணைக்க இறைத்த நீரில் நனைந்து கெட்ட சரக்கோ எல்லோருக்காகவும் கொடுத்த பலி என்பதால், அதையும், ஆபத்தில் கப்பல் ஒதுங்கும் புகலிடத் துறைமுகச் செலவையும் கப்பலும் சரக்குகளும் தத்தம் மதிப்புக்கேற்ப ஏற்க வேண்டும். தொகை சிறியதாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். 2018 மார்ச்சில் அரபிக் கடலில் எரிந்த ‘மெர்ஸ்க் ஹோனம்’ கப்பலில், மீட்புப் பணிக்கு 42.5 சதவீதமும் ஜெனரல் ஆவரேஜுக்கு 11.5 சதவீதமுமாக, சரக்கு மதிப்பில் பாதிக்கு மேல் பிணையாகக் கேட்டார்கள்.

‘ஏ’, ‘பி’, ‘சி’ ஆகிய மூன்று விதிகளுமே இந்தப் பங்கை ஏற்கின்றன. ஆகவே ரொக்கம் கட்டுவதற்கு முன், உடனே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். உத்தரவாதத்தை அவர்களே வழங்குவார்கள்.

பதில் 2 (சரக்கு அனுப்பும் முகவர்):
கப்பலின் ஹல் பாலிசி (கப்பலுக்கான தனிக் காப்பீடு) கப்பலுக்குரிய பங்கை மட்டுமே ஏற்கும். சரக்கின் பங்கு அதில் சேராது. பாலிசியின் பின்புறம் கையொப்பமிட்டு வாடிக்கையாளர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தீர்களா?

கரூர் ஏற்றுமதியாளர்:
ஆம், இன்வாய்ஸ் மதிப்பில் 110 சதவீதத்துக்கு எடுத்து, மாற்றியும் கொடுத்துவிட்டோம்.

பதில் 2:
அப்படியானால் ஆவரேஜ் பத்திரத்தில் (தன் பங்கைத் தருவதாக ஒப்புக்கொள்ளும் பத்திரம்) வாடிக்கையாளர் கையொப்பமிட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதத்துடன் கொடுத்தால் சரக்கு விடுவிக்கப்படும். இறுதிக் கணக்கு முடியப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதால், இன்வாய்ஸையும் பில் ஆஃப் லேடிங்கையும் (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை ‘ஏ’ விதிகளின்படி எடுங்கள்; திருட்டையும், அலையில் கண்டெய்னர் அடித்துச் செல்லப்படுவதையும் ‘சி’ ஏற்காது.