தொடக்ககால அண்டத்தை அயனியாக்கியவை பேரொளிக் குவாசர்களா?

இயற்பியல் ஆசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்

வணக்கம். பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளில் நடுநிலை ஹைட்ரஜன் உருவானது என்றும், சுமார் 100 கோடி ஆண்டுகளுக்குள் விண்மீன் திரள்களுக்கு இடையே இருந்த அந்த வாயு எலக்ட்ரானை இழந்து மீண்டும் அயனியாகிவிட்டது என்றும் வகுப்பில் சொன்னபோது, மாணவி ஒருவர், "ஒரு விண்மீன் திரளையே விஞ்சி ஒளிரும் குவாசர்கள்தானே இதைச் செய்திருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, ஒற்றை வரியில் மறுத்துவிட மனம் வரவில்லை. விளக்க வேண்டுகிறேன்.

லாஸ்பேட்டை வாசகர், புதுச்சேரி

அம்மா, ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல், அதாவது 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் வேண்டும். குவாசரின் நடுவிலுள்ள பெருங்கருந்துளையைச் சுற்றிக் கொதிக்கும் வாயு அதை வாரி இறைக்கிறது என்பதால் மாணவியின் ஊகத்தில் பிழையில்லை. இடிப்பது எண்ணிக்கைதான். குவாசர்கள் மிகுந்திருந்தது செம்பெயர்ச்சி (அண்ட விரிவால் ஒளியின் அலைநீளம் நீண்டிருக்கும் அளவு; எண் கூடக் கூட முந்தைய காலம்) 2, 3 அளவில்; அதற்கும் முந்தைய காலத்துக்குப் போகப் போக அவை மளமளவெனக் குறைந்து, செம்பெயர்ச்சி 6-ஐத் தாண்டினால் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அண்டத்தின் வயது வெறும் 67 கோடி ஆண்டுகளாக இருந்தபோதே 160 கோடி சூரிய நிறை கொண்ட கருந்துளையோடு ஒளிர்ந்த ஜே0313-1806 போன்றவை தம்மைச் சுற்றிப் பெரிய அயனிக் குமிழியை உண்டாக்கியிருக்கும். ஆனால் குமிழிக்கும் குமிழிக்கும் நடுவே பெருவெளி அப்படியே கிடந்திருக்கும். கார்த்திகை இரவில் ஊரை வெளிச்சமாக்குவது கோயில் சொக்கப்பனை அன்று, வீட்டுக்கு வீடு ஏற்றும் அகல்கள். அதுபோலச் சிறிய, மங்கிய திரள்களில் பிறந்த சூடான இளம் விண்மீன்களே பெரும்பங்கு ஆற்றின என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு.

நெய்வேலி வாசகர்

ஒன்றைச் சேர்க்கிறேன். விண்மீன்கள் உமிழும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அவை பிறந்த திரளின் வாயுவே விழுங்கிவிடும். வெளியே கசிவது எவ்வளவு என்பதில்தான் கணக்கு முழுவதும் நிற்கிறது. நம் நாட்டின் விண்வெளித் தொலைநோக்கியான அஸ்ட்ரோசாட், செம்பெயர்ச்சி 1.42-இல் உள்ள ஒரு திரளிலிருந்து அத்தகைய கதிர் கசிவதைக் கண்டது 2020-இல் வெளியானபோது எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. மங்கலான கருந்துளைகளை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கண்டுவருவதால் அவற்றின் பங்கு பற்றிய விவாதம் மீண்டும் சூடுபிடித்திருக்கிறது. ஆனால் அது பேரொளிக் குவாசர்களைப் பற்றிய விவாதமன்று.

இயற்பியல் ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியென்றால் இந்த வரலாற்றில் பேரொளிக் குவாசர்களுக்கு இடமே இல்லையா?

லாஸ்பேட்டை வாசகர், புதுச்சேரி

இரண்டு வகையில் உண்டு. ஹீலியத்தின் இரண்டாவது எலக்ட்ரானைப் பறிக்க 54.4 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். சாதாரண விண்மீன்களுக்கு அது எட்டாது. செம்பெயர்ச்சி 3-ஐ ஒட்டி அதைச் செய்து முடித்தவை குவாசர்களே.

மற்றொன்று, நமக்குச் சாட்சி சொல்வது. நடுநிலை ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் என்பதால், தொலைதூரக் குவாசரின் நிறமாலையில் ஒரு பகுதி அடியோடு இருண்டிருக்கும் என்று வானியலாளர்கள் கன்னும் பீட்டர்சனும் 1965-இல் கணித்தனர். 2001-இல் செம்பெயர்ச்சி 6.28 கொண்ட குவாசரில் அது கிடைத்தது: அண்ட விரிவால் 885 நானோமீட்டருக்கு நீண்டு வந்த அந்த 121.6 நானோமீட்டர் ஹைட்ரஜன் கோட்டை அடுத்து, குறுகிய அலைநீளப் பக்கத்தில் ஒளி அறவே இல்லாத ஒரு பட்டை. பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் நடுநிலையாக இருந்தாலே ஒளி இப்படி அணைந்துவிடும். ஆகவே அந்த இருளை மட்டும் வைத்து வாயு முழுவதும் நடுநிலையாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. இன்னும் தொலைவிலுள்ள குவாசர்களில் அந்தக் கோட்டின் நீண்ட அலைநீளப் பக்கமும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே நடுநிலை வாயுவின் பங்கை மதிப்பிடுகிறார்கள். மாணவிக்கு அந்த நிறமாலை வரைபடத்தையே காட்டுங்கள்.