தடுப்பூசிக்குப் பிறகு தூக்க முடியாத தோள்: நட்டஈடு கேட்டவர்களின் அனுபவங்கள்

இலங்கை, தலவாக்கலையிலிருந்து:
அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) தகரம் கையைக் கிழித்ததற்கு ஏற்பு ஊசி போட்டார்கள். அம்மா உட்கார்ந்திருக்க, போட்டவர் நின்றபடியே தோள் முனையை ஒட்டிக் குத்திவிட்டார். அன்று இரவே கை தூக்க முடியவில்லை. ஊசி என்றால் ஓரிரு நாள் வலிக்கத்தான் செய்யும், இது மாதக்கணக்கில் போனது. ஸ்கேன் பார்த்த எலும்பு டாக்டர், மருந்து தசைக்குள் போகாமல் மூட்டுக்கு மேலுள்ள நீர்ப்பையில் இறங்கி வீங்கியிருக்கிறது என்றார். தோள் எலும்பு முனைக்கு இரண்டு மூன்று விரல் கீழே போட்டிருக்க வேண்டுமாம்.

கொழுந்தைக் கிள்ளிவிடுகிறார், அதைத் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் வீச முடியவில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தானே. சட்டத்தரணியிடம் போனோம். அவர் முதலில் கேட்டதே, "வலி எப்போ தொடங்குச்சு, அது எங்க எழுதியிருக்கு?" என்றுதான். நல்ல காலம், மறுநாளே தோட்ட டிஸ்பென்சரியில் காட்டியதால் கொப்பியில் தேதியோடு இருக்கிறது.

நியூ ஜெர்சியிலிருந்து, சொந்த ஊர் ஹட்டன்:
என் கணவருக்கு ஃப்ளூ ஊசியில் இதே கதை. அமெரிக்காவில் 2017 முதல் இந்தத் தோள் காயம் அரசின் நட்டஈட்டுப் பட்டியலிலேயே இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி 6 மாதத்துக்கு மேல் நீடித்தால், யார் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. மனுவை 3 வருடத்துக்குள் போட வேண்டும். ஃப்ளூ ஊசி ஒன்றுக்கு 75 சென்ட் வரி எடுக்கிறார்களே, அந்த நிதியிலிருந்துதான் பணம் வருகிறது. லோயர் செலவும் அதிலேயே. கொரோனா ஊசிக்கு மட்டும் வேறு திட்டம், அவகாசமும் ஒரே வருடம்.

நுவரெலியாவிலிருந்து, சட்டத்தரணி அலுவலகத்தில் வேலை:
தலவாக்கலைத் தம்பி, இங்கே இலங்கையில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால் கவனக்குறைவை நாம்தான் நிரூபிக்கணும். அது மட்டும் போதாது. ஒரு குழந்தை இறந்ததற்காகக் குழந்தை மருத்துவர் பிரியானி சொய்சா மீது போட்ட வழக்கில் கவனக்குறைவு இருந்ததை ஏற்றுக்கொண்ட உயர் நீதிமன்றம், மரணத்துக்கு அதுவே காரணம் என்று காட்டப்படவில்லை என்று 2001இல் நட்டஈட்டை ரத்துச் செய்தது. டிஸ்பென்சரி கொப்பி அதனால்தான் பெரிய விஷயம், போட்டோக்கொப்பி எடுத்து வைங்க.

2 வருடத்தில் வழக்கு காலாவதியாகிவிடும். அரச ஆஸ்பத்திரி என்றால் சட்டமா அதிபருக்கு (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்காமல் வழக்கே போட முடியாது, அந்த மாதத்தையும் கணக்கில் சேருங்கள். காசு பிரச்சினை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்க. அப்புறம், ஊசிக்கு முந்திய, பிந்திய சம்பளத் துண்டுகள் எல்லாம் வேண்டும். அரைப்பேர் விழுந்த மாதங்களை அதை வைத்துத்தான் காட்டலாம்.