கரிப்புகையில் மயங்கிப் பிழைத்தவருக்கு 3 வாரம் கழித்து மூளைப் பாதிப்பு: என்ன சிகிச்சை?

கேள்வி
நாங்கள் கோத்தகிரியில் வசிக்கிறோம். கடுங்குளிர் அடித்த ஓர் இரவில் 61 வயதான என் அப்பா, கதவு சன்னல்களை அடைத்து, இரும்புச் சட்டியில் கரி மூட்டிக் குளிர்காய்ந்தபடியே உறங்கிவிட்டார். காலையில் நினைவின்றிக் கிடந்தவருக்கு மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுத்தார்கள். 3-ஆம் நாள் வீடு திரும்பி, கடைக் கணக்கைக்கூடத் தாமே பார்த்தார். 22 நாட்களுக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. பல் துலக்கும் பிரஷைக் கையில் பிடித்தபடி குழாயடியில் கால் மணி நேரம் அசையாமல் நிற்கிறார். பேச்சு குறைந்துவிட்டது, காலைத் தேய்த்து நடக்கிறார், தம்மை அறியாமல் சிறுநீர் கழித்துவிடுகிறார். வயதின் மறதி என்கிறார்கள் சிலர், மனச்சோர்வு என்கிறார்கள் சிலர். அன்று நேர்ந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி: நரம்பியல் மருத்துவர்
சகோதரி, தொடர்பு இருக்கவே வாய்ப்பு மிகுதி. கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவால் நஞ்சேறியவர்களில் சிலர் முழுமையாகத் தெளிந்து, சில நாட்கள் முதல் ஏறத்தாழ 6 வாரங்கள் வரை இயல்பாக இருந்துவிட்டு, அதன்பின் நீங்கள் விவரிக்கும் இதே நிலைக்கு வருகிறார்கள். இரத்தத்திலிருந்து வாயு நீங்கிய பின்னரும், மூளையின் வெண்பகுதியில் நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் உறை சிதைவதே இதற்குக் காரணம்; சிதைந்த உறையை உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தாக்குவதாகவும் கருதப்படுகிறது. தாமதிக்காமல் எம்.ஆர்.ஐ. எடுங்கள், கரிப்புகை பற்றி மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், ஏனெனில் அதைச் சொல்லாததால்தான் பலருக்கு இது மனநோயாகவோ முதுமை மறதியாகவோ தவறாகக் கணிக்கப்படுகிறது.

கேட்டவர்
மிக்க நன்றி, டாக்டர். அழுத்தம் மிகுந்த அறையில் ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சை இப்போது பயன்படுமா? அன்று விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவு 98 விழுக்காடு எனக் காட்டியதால் அது தேவையில்லை என்றார்கள்.

மறுமொழி: நரம்பியல் மருத்துவர்
கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதையும் சாதாரண விரல் கருவியால் பிரித்தறிய முடியாது. அந்த 98-ஐ நம்பியிருக்கக் கூடாது. நீங்கள் கேட்கும் சிகிச்சைக்கு முக்கியமான சான்று, நஞ்சேறிய முதல் 24 மணி நேரத்துக்கானது: 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அந்த நேரத்துக்குள் 3 முறை அதைப் பெற்றவர்களில் 25 விழுக்காட்டினருக்கும், சாதாரண அழுத்தத்தில் ஆக்சிஜன் பெற்றவர்களில் 46 விழுக்காட்டினருக்கும் 6-ஆம் வாரத்தில் அறிவாற்றல் குறைபாடு காணப்பட்டது. பாதிப்பு தோன்றிய பிறகும் சில மையங்களில் இதையும் ஸ்டீராய்டையும் தருகிறார்கள், பயன் உறுதிப்படவில்லை. பார்க்கின்சன் நோயில் வருவது போன்ற விறைப்புக்கு, அந்நோய்க்குத் தரும் லெவோடோபா மருந்து பெரும்பாலும் பலன் தருவதில்லை. ஆனால் நம்பிக்கை இழக்காதீர்கள்: நிலக்கரிக் கட்டிகளை எரித்துத் தரையைச் சூடாக்கிய கொரிய வீடுகளில் இப்படிப் பாதிக்கப்பட்டோரைப் பற்றி 1983-இல் வெளியான ஆய்வில், தொடர்ந்து கவனிக்கப்பட்ட 36 பேரில் 27 பேர் ஓராண்டுக்குள் தேறினார்கள்.

மறுமொழி: ஜெனரேட்டர் புகையில் சிக்கியவரின் மனைவி
தங்கச்சி, என் கணவர் 2 மாதம் ஒரு சொல்கூடப் பேசவில்லை. விழுங்குவதில் தடுமாற்றம் இருந்ததால் நிமிர்த்தி உட்கார வைத்துக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துச் சென்றேன். பிசியோதெரபியை ஒரு நாளும் விடவில்லை. 5-ஆம் மாதம் ஒரு காலை, தம் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டு என்னிடம் காப்பி கேட்டார். இன்று கடைக்குத் தனியே போய் வருகிறார், மீதிச் சில்லறையை மட்டும் நான் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேட்டவர்
நன்றி அக்கா. எம்.ஆர்.ஐ. எடுக்க நாளை அப்பாவைக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் செல்கிறோம். கரிப்புகை விவரத்தை நாள், நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டேன்.